சென்னைக்கு ஆகும் செலவு

ராஜபாளையம்,
26.5.2025

தங்கச்சி மகள் ஹஸீனாவுக்கு, தாய்மாமன் முத்து முகம்மதுவின் ஸலாம்.

நானும் உன் மாமி ரமீஜாவும் அல்லாஹ் கிருபையில் சுகம். எனக்கு வலது முழங்கால் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. ஜெர்மனிக்காரர்களோடு நின்றபடியே பேசிப் பேசி வந்தது. உன் அம்மா சௌதாவுக்குச் சுகர் எப்படி இருக்கிறது? உன் அத்தா அப்துல் ரவூபின் நலத்தை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை அவரிடம் சொல்லிவிடு.

பதினோரு கிலோமீட்டருக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். போன வருடம் உங்கள் புது வீட்டு விருந்தில், பெண்ணோடு கூடப்பிறந்த அண்ணனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்து, கறி தீர்ந்துபோய் வெறும் பருப்புத் தால்சாவை ஊற்றினார் உன் அத்தா. அங்கேயே சத்தியம் பண்ணினேன். அந்த வாசலை மிதிக்க மாட்டேன்; அந்த வீட்டு ஆட்களோடு வாய் திறக்க மாட்டேன், போனிலும் சரி. கால் போயிற்று, வாய் போயிற்று. கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. புள்ளியியலுக்குச் சென்னை, மதுரை இரண்டு அரசுப் பல்கலைக்கழகத்திலும் உனக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். உன் அம்மா ரமீஜாவிடம் சொன்னாளாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மதுரைக்கு யார்தான் போகவில்லை? சேத்தூரிலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு தினமும் போகிறான் ஒருவன், அவன் எம்.எஸ்சி.யா? சென்னை என்றால் சென்னை. நான் ஒருமுறை பேண்டேஜ் சாம்பிள் காட்ட அங்கே போயிருந்தபோது துணைவேந்தரே எழுந்து நின்று, "ராஜபாளையமா? உட்காருங்க சார், டீ சாப்பிடுங்க" என்றார். டீ இல்லை, காபி. கூட முந்திரி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் தைக்கிற மனிதருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? செலவை நினைத்துப் பயப்படுவார். பயப்பட வேண்டாம் என்று சொல். செலவு மாமாவுடையது.

எல்லோருக்கும் (ஒருவரைத் தவிர) என் துஆ.

முத்து முகம்மது,
எக்ஸ்போர்ட் மேனேஜர்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
30.5.2025

மாமாவுக்கு, ஹஸீனாவின் ஸலாம்.

அம்மாவுக்குச் சுகர் சாப்பாட்டுக்கு முன் நூற்று அறுபது. முழங்காலுக்கு உங்கள் மில் பேண்டேஜையே சுற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் நலம் கேட்காத செய்தியை அத்தாவிடம் சொன்னேன். "நல்லா இருக்கேன்னு எழுது" என்றார்.

எனக்கு முந்திரி முக்கியமில்லை. சென்னையில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும். மதுரைக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். பஸ் செலவோடு ஐம்பதாயிரத்துக்குள் முடியும். பாடம் இரண்டு இடத்திலும் நல்ல பாடம்தான். ஆனால் சென்னையில் படிக்கும் ஷெரின் அக்கா சொல்கிறார், மருந்துக் கம்பெனிக்காரர்கள் அங்கே நேரே வந்து ஆள் எடுக்கிறார்களாம். மருத்துவப் புள்ளியியல்தான் எனக்கு வேண்டும். ஆசை சென்னை, கணக்கு மதுரை. இதற்கு நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் பணம் கட்ட ஜூலை 21 கடைசி நாள். அதுவரை தயவுசெய்து யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

மாமிக்கு என் ஸலாம்.

ஹஸீனா


ராஜபாளையம்,
9.6.2025

மருமகளுக்கு மாமாவின் ஸலாம்.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? இங்கே நான் குர்பானி கொடுத்த கிடா கன்றுக்குட்டி உயரம். அறுக்க வந்தவர் ஏணி கேட்டார்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் கைக்கு வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். ஆகையால் உன் பேச்சை நான் மீறினேன் என்று ஆகாது.

ஒன்றாம் தேதி இங்கே எங்கள் தெரு முகமது ரியாஸின் நிக்காஹ். முந்நூறு பேர். ஐந்நூறு என்றே வைத்துக்கொள். எனக்கு முதல் பந்தி, ஜமாத் தலைவருக்கு அடுத்த இலை. (இதை உன் அத்தாவுக்கு வாசித்துக் காட்டு.) அவர் சும்மா, "தங்கச்சி மக என்ன படிக்கா?" என்று கேட்டார். பந்தியிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எந் தங்கச்சி மக சென்னையில எம்.எஸ்சி. படிக்கப் போறா. அம்புட்டுச் செலவும் தாய்மாமன் என்னோடது. அவ அத்தாகிட்ட ஒத்த ரூவா வாங்க மாட்டேன்!"

மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று பந்தலே அதிர்ந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவன் எனக்கு இரண்டாவது தடவை கறி வைத்தான். என்னோடு வந்திருந்த டீக்கடைச் சிநேகிதன் காசிராஜன், "அண்ணாச்சி, ஒமக்கு மனசு மீனாட்சி கோயில் கோபுரம்" என்றான். மதுரைக் கோபுரம் வேண்டாம் என்று அவனைத் திருத்தினேன்.

உன் அத்தாவின் முகம் எப்படி ஆயிற்று என்று மட்டும் எழுது.

முத்து முகம்மது,
எக்ஸ்போர்ட் மேனேஜர் (ஐரோப்பா)


ஸ்ரீவில்லிபுத்தூர்,
13.6.2025

மாமாவுக்கு ஸலாம். இங்கே அம்மாவுக்குச் சுகர் இருநூற்றுப் பத்து.

அத்தா முகம் எப்படி ஆயிற்று என்று கேட்டீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் பந்தியில் எழுந்து நின்ற அன்று மாலை அத்தா என்னைக் கூப்பிட்டு, பீரோவிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். அவர் தைத்த பைதான். உள்ளே இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். மூன்று வருடமாகச் சீட்டுப் போட்டிருக்கிறார். எங்களுக்கே தெரியாது. "சென்னைக்கே போ. அஞ்சாயிரம் கூட இருக்கு, போர்வை தலையணை வாங்கிக்க" என்றார். நான் அந்தப் பையைக் கையில் வைத்திருக்கும்போதே அத்தாவின் கடைப் பையன் ஓடிவந்து, நிக்காஹ் பந்தியில் நீங்கள் பேசியதைச் சொன்னான்.

அத்தா பையைத் திரும்ப வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்.

"கட்ட வேண்டியதுதான? அண்ணன் பேச்ச யாரு கணக்குல எடுக்கா?" என்றாள் அம்மா.

"சபையில ஏத்துக்கிட்டது, சௌதா. நான் போயிக் கட்டுனா அவிய சொன்னது பொய்யின்னு ஆயிரும். அது ஒம் பொறந்த வீடு."

இதுதான் மாமா, உங்களுக்கு இரண்டாம் பந்தி போட்ட மனிதரின் முகம்.

எனக்கு இரண்டே வழிதான் இருக்கிறது. ஒன்று, ஜூலை 21க்குள் நீங்கள் பணம் கட்டுங்கள். இல்லையென்றால் சொன்ன ஊரிலேயே, பத்துப் பேர் நடுவில், என்னால் முடியாது என்று சொல்லுங்கள். அத்தா கட்டிவிடுவார்.

ஹஸீனா


ராஜபாளையம்,
27.6.2025

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஸலாம், மாமியின் முத்தம்.

பதில் தாமதமாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து ஆள் வந்துவிட்டான். ஆறரை அடி. நம் பேண்டேஜைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மிஸ்டர் முத்து, இதைச் சுற்றிக்கொள்வதற்காகவே காயம்படலாம் போலிருக்கிறது" என்றான். மூன்று நாள் என்னை விடவில்லை.

பணத்துக்கு என்ன அவசரம்? பேங்கில் ஏதோ பெரிய வேலை நடக்கிறது. பெரிய தொகை என்பதால் மும்பையில் ஒரு கையெழுத்து பாக்கியாம். மேனேஜர் என்னைப் பார்த்தாலே கை கூப்புகிறார்.

பத்துப் பேர் நடுவில் முடியாது என்று சொல்லவா? என்ன பேச்சு பேசுகிறாய்! நான் என்ன பள்ளிக்கூடப் பையா தைக்கிறேன்? உன் அத்தா பணம் வைத்திருக்கிறாராம், கட்ட மாட்டாராம். கஞ்சத்தனத்துக்கு இப்படியும் ஒரு மரியாதையான பெயர் உண்டென்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

இத்துடன் உனக்குச் சென்னைக்கு ஒரு சக்கரப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். டவுன் பஸ் கண்டக்டர் பிரேம்குமார் கொண்டுவந்து தருவான். சிங்கப்பூர்ப் பெட்டி. விமானத்தில் வருகிறவர்கள்தான் வைத்திருப்பார்கள். மதுரைக்குப் போகிறவளுக்கு எதற்குச் சக்கரம்? மடியில் வைத்துக்கொண்டு போகலாமே.

முத்து முகம்மது,
எக்ஸ்போர்ட் மேனேஜர் (ஐரோப்பா, வளைகுடா)


ஸ்ரீவில்லிபுத்தூர்,
8.7.2025

மாமாவுக்கு ஸலாம்.

சிங்கப்பூர்ப் பெட்டி வந்தது. உள்ளே செட்டியார்பட்டிக் கடை ரசீது இருந்தது. ஒரு சக்கரம் வழியிலேயே கழன்று, பிரேம்குமார் அண்ணன் அதைத் தன் டிக்கெட் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். அத்தா அதை வாங்கிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. நீங்கள் இங்கே வரமாட்டீர்கள், போனை எடுக்கமாட்டீர்கள். நான் வருகிறேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மில் வாசலில் நிற்பேன்.

ஹஸீனா


(பேக்கிங் ஸ்லிப்புகளின் பின்பக்கம், பென்சிலில், 10.7.2025)

ஏட்டி, ஸலாம். சுகமா? வெயிலில் வந்திருக்கிறாய், நிழலில் நில். நான் வாய் திறக்க முடியாது. சத்தியம் இருக்கிறது. நீ பேசு, நான் எழுதித் தருகிறேன்.

இது பஞ்சு. சரக்குத் தரம் பார்க்க உள்ளே போனேன், ஒட்டிக்கொண்டது.

சட்டை இல்லை, அது பனியன்தான். மேனேஜர் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டா சரக்குப் பார்ப்பார்கள்?

செக்யூரிட்டி ஆவுடையப்பன் புது ஆள். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

சரி, ஒன்பது வருடமாக இருக்கிறான். அதனால் என்ன?

சத்தமாகப் பேசாதே. உள்ளே கேட்கும்.

டீ குடிக்கிறாயா?

பெல் அடித்துவிட்டது. போகிறேன். வெள்ளிக்கிழமை முடித்துவிடுகிறேன். நாளைக்கு இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமை. அழாதே.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.7.2025

மாமாவுக்கு ஸலாம்.

வீடு வந்து சேர்ந்தேன். நான் அழவில்லை. கண்ணில் விழுந்தது உங்கள் பஞ்சு.

எக்ஸ்போர்ட் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் கேட்டேன். "அப்படி ஒருத்தரும் கெடையாதே தாயி. முத்து பாய்னு பேக்கிங்ல ஒருத்தரு இருக்காரு. அவரு வாய் மட்டுந்தான் எக்ஸ்போர்ட் ஆகும்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்காக மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பேண்டேஜை மடித்து, எண்ணிப் பெட்டியில் போடுகிற வேலையில் கேவலம் எதுவும் இல்லை. என் அத்தா பை தைக்கிறார். அதைச் சொல்ல அவர் ஒரு நாளும் பென்சில் தேடியதில்லை. நேருக்கு நேர் நின்றுகொண்டு, எனக்குச் சீட்டு எழுதி நீட்டினீர்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கடிதங்களை இத்தனை நாள் சிரித்துக்கொண்டே படித்தேன். இனிமேல் சிரிப்பு வராது.

பதினெட்டாம் தேதி ஜும்மாதான் கடைசி. "என்னிடம் பணம் இல்லை, ரவூபே கட்டட்டும்." இவ்வளவுதான் நீங்கள் சொல்ல வேண்டியது. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், எதையும் சேர்க்க வேண்டாம்.

ஹஸீனா


ராஜபாளையம்,
18.7.2025

மருமகளுக்கு மாமாவின் ஸலாம். முழங்கால் இன்று பரவாயில்லை.

முடித்துவிட்டேன்! நீ கேட்டபடியே சபையில் பின்வாங்கிவிட்டேன். இன்றைக்கே உனக்குக் கிடைக்க வேண்டும் என்று பிரேம்குமாரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் அத்தா தாராளமாகக் கட்டலாம்.

நீ எழுதிக் கொடுத்த வாசகம் மொட்டையாக இருந்தது. சபை என்றால் அப்படி எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது, கொஞ்சம் கட்டிச் சொல்ல வேண்டும். ஜும்மா முடிந்து எல்லோரும் எழுந்தபோது நான் கையைத் தூக்கினேன்.

"சென்னைச் செலவ நான் ஏத்துக்கிட்டது ஒங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா முந்தாநாளு எம் மச்சான் ரவூப் எந் தலைவாசலுக்கு வந்து, எங் கால்ல விழுந்துட்டாரு. ‘ஒங்க பணம் வேண்டாம் மச்சான், பெத்தவன் எனக்கு அந்தப் பாக்கியத்தக் குடுங்க’ன்னு அழுதாரு. எம் மனசு எளகிருச்சு. விட்டுக்குடுத்துட்டேன்!"

அவ்வளவு பேரும் உருகிப்போனார்கள். உன் அத்தாவுக்கும் இதில் கௌரவம்தான், பார். பாசக்காரத் தகப்பன் என்று பெயர். என் பெயரும் கெடவில்லை, அவர் பணமும் வெளியே வந்தது, நீயும் சென்னைக்குப் போகிறாய். இதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்பது.

முத்து முகம்மது,
எக்ஸ்போர்ட் மேனேஜர்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.7.2025

முத்து மச்சானுக்கு அப்துல் ரவூபின் ஸலாம். சுகம். சுகத்துக்கு எழுதவும். முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் நல்லது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை.

நேற்று எங்கள் பள்ளிவாசலில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அல்லாவுக்கு முன்னால வைக்கிற நெத்திய மனுசன் கால்ல வச்சீராமே ரவூப்? நெசமா?" என்றார்கள். இல்லை என்று சொன்னால், நீங்கள் விட்டுக்கொடுத்ததும் இல்லை என்று ஆகிவிடும். பிள்ளைக்கு நாளை கடைசி நாள். ஆமாம் என்று சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக்குத் தௌபா கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். நாளைக் காலை பணம் கட்டுகிறேன்.

அந்தப் பந்தி விஷயம். அன்றைக்கு முதல் பந்தியில் எனக்கும் இடம் இல்லை. உங்களுக்கு எதிர் வரிசையில் நானும் தால்சாதான் சாப்பிட்டேன். நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

ரவூப்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
29.7.2025

மாமாவுக்கு.

போன வாரம் திங்கட்கிழமை காலை அத்தா துணிப்பையோடு என்னைக் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் தெரிந்தவர்கள் நாலு பேர் எதிரே வந்தார்கள். எப்போதும் அத்தாவைக் கண்டால் நின்று ஸலாம் சொல்கிறவர்கள். அன்றைக்கு அவருடைய நெற்றியைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்கள். அத்தாதான் முதலில் ஸலாம் சொன்னார்.

சென்டரில் இரண்டு பல்கலைக்கழகப் பக்கங்களையும் திறந்து வைத்தேன். அத்தா கண்ணாடி கொண்டுவரவில்லை. "இதுதான சென்னை? அமுக்கு" என்றார். நான் மதுரையை அமுக்கினேன். ரசீதை வீட்டில் கண்ணாடி போட்டு வாசித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மீதிப் பணம் பீரோவில் இருக்கிறது.

சென்னையை நான் விரும்பினேன். இப்போதும் விரும்புகிறேன். ஆனால் கட்டணம், விடுதி, சாப்பாடு, அதற்கு மேலே அத்தாவின் நெற்றி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன் மாமா. கட்டுப்படியாகவில்லை. நான் சென்னையில் படிக்கிற ஒவ்வொரு நாளும், காலில் விழுந்து சேர்த்த படிப்பு அது என்று ஊர் சொல்லும். மதுரைக்கு அத்தா யார் காலிலும் விழ வேண்டியதில்லை என்று ஊருக்குத் தெரியும். அவ்வளவு மலிவு அது. நீங்கள்தான் சொன்னீர்களே, மாங்காய் ஏற்றுகிறவனும் போகிறான் என்று.

உங்களிடம் இனிமேல் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஆக வேண்டியிருக்கிறது. அத்தா பெயரை எந்த இடத்தில் எடுத்தீர்களோ, அந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அதைச் செய்யும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

பெட்டியைப் பிரேம்குமார் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அத்தா சக்கரத்தை மாட்டிவிட்டார். ஜெர்மனி போகும்போது உங்களுக்குத் தேவைப்படும்.

ஹஸீனா


ராஜபாளையம்,
9.8.2025

ஹஸீனாவுக்கு மாமாவின் ஸலாம். அம்மாவுக்குச் சுகர் எவ்வளவு? உன் அத்தா நலமா? இதைக் கேட்டேன் என்று அவரிடம் சொல்.

நேற்று ஜும்மாவில் எழுந்து நின்றேன். ஒன்றும் சேர்க்கவில்லை. அல்லாஹ் மேல் ஆணை.

"ரவூப் எங் கால்ல விழல. எந் தலைவாசலுக்கே வரல. எங்கிட்டப் பணமும் கெடையாது. நான் மேனேஜரு கெடையாது, பேக்கிங்ல மடிக்கிற ஆளு. நிக்காஹ் பந்தியில சொன்னதும் பொய்யி, போன தடவ சொன்னதும் பொய்யி."

பிறகு ஜமாத் தலைவர் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"பாத்தீயளா! மச்சான் மானத்தக் காப்பாத்தணும்னு தன்னையவே எம்புட்டுத் தாழ்த்திக்கிடுதாரு! இந்த மனசு யாருக்கு வரும்?"

இல்லை பாய், நிஜமாகவே நான் பேக்கிங்தான் என்றேன். ஒரு பெரியவர், "போதும் முத்து, ரவூப் குடுத்துவச்ச ஆளு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செருப்புப் போடும் இடத்தில் மறுபடியும் சொன்னேன். சாயங்காலம் ராம்கி டீக்கடையில், எங்கள் மில் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ச் சொன்னேன். காசிராஜன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். மூன்று தடவை சொன்னேன் ஹஸீனா. ஒவ்வொரு தடவையும் நான் பெரியவனாகிக்கொண்டே போகிறேன், உன் அத்தா சின்னவராகிக்கொண்டே போகிறார்.

முப்பது வருடம் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிய ஊர் இது. இதை மட்டும் நம்பமாட்டேன் என்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சொல்வேன். எழுத வேண்டாம் என்று சொன்னாய். எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

பெட்டி வந்து சேர்ந்தது. சக்கரம் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

முத்து முகம்மது,
பேக்கிங்